அம்மா சிரித்த படமும், குக்கர் கேஸ்கட் பாடமும்!



நான் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு சாதாரண இல்லத்தரசி. வயது 37. சுந்தரர் அவதரித்த திருநாவலூர்தான் நான் வாக்கப்பட்டு வந்த ஊர். என் கணவர் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்பவர். ஒரு பையன், ஒரு பெண். சமையல் குறிப்பும் கோலமும் எழுத வேண்டியவள் கேமராவைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். இதில் ஒரு தாயின் முகம் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்த வீடு கச்சிராயபாளையம் பக்கம். கல்வராயன் மலை அடிவாரம். வருடம் ஒரு முறையாவது இரண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பி மலைக்குப் போய் வருவது எங்கள் குடும்ப வழக்கம். காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாக என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேருவோம். அங்கிருந்து அண்ணன் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வார். கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை. கரியாலூர், வெள்ளிமலை வரை போய்விட்டுச் சாயங்காலம் இறங்கிவிடுவோம். காரில் போகிறவர்களுக்கு அது சுற்றுலா. எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் மூச்சு விடுகிற நாள்.

2022-ஆம் வருடம் ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவுக்கு அப்போது 64 வயது. மலை அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும், புளியும் சாமையும் வாங்க அந்தக் காலத்தில் நடந்து போனதோடு சரி. வேடிக்கை பார்க்கவென்று மலை ஏறியதே இல்லை. அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "என்னாடி இது, தலையில சட்டிய கவுத்து வச்சிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

அண்ணியின் தம்பியிடம் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தது. பொத்தானை அமுக்கினால் மூக்கு நீட்டிக்கொண்டு லென்ஸ் வெளியே வருமே, அந்த மாதிரி. அதை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். போட்டோ என்றாலே அம்மா முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார். "என்னாத்துக்குடி கிழவிய போட்டோ புடிக்கிற" என்பார். ஆனால் அன்றைக்குப் பெரியார் நீர்வீழ்ச்சியில் சாரல் முகத்தில் அடித்ததும், சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து நான் கிளிக் செய்துவிட்டேன்.

திரும்பி இறங்கும்போது பிடித்துக்கொண்டது மழை. ஒதுங்க ஒரு கூரை இல்லை. கேமராவைத் துணிப்பையில் சுற்றி வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால் பெட்டிக்குள் தண்ணீர் நிற்கிறது. எனக்கு இருந்த பதற்றத்தில் கேமராவை உடனே ஆன் செய்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. லென்ஸ் பாதி நீண்டு அப்படியே நின்றுவிட்டது. ஸ்கிரீன் ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. அவ்வளவுதான்.

அண்ணியின் தம்பி நல்ல பிள்ளை. "போனா போகுதுக்கா" என்றார். ஆனாலும் இரவல் பொருளைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்குத் தூக்கமே இல்லை. சிறுகச் சிறுகச் சேர்த்து, அடுத்த மாதம் பணத்தைக் கொடுத்துவிட்டேன். செத்துப்போன கேமரா என் பீரோவில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது.

2023 தை மாதம் அம்மா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காய்ச்சல், தலைவலி என்று ஒரு நாள் படுத்தவர் இல்லை. மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமே... வீடு முழுக்கத் தேடினோம். அண்ணன் கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தோடு கூட்டமாய் ஒரு படம். அதை விட்டால் ஆதார் கார்டு படம்தான். ஸ்டூடியோவில் ஆதார் படத்தைப் பெரிது பண்ணிக் கொடுத்தார்கள். அதில் இருந்தது என் அம்மா மாதிரியே இல்லை. எல்லோருக்கும் சமைத்துப் போட்டு, எல்லோரையும் போட்டோவுக்கு நிற்க வைத்து, தான் மட்டும் அடுப்படியிலேயே நின்றுவிட்ட எத்தனையோ அம்மாக்களில் என் அம்மாவும் ஒருவர்.

காரியம் முடிந்து ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள், எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் பையன் கேட்டான்: "எம்மா, அந்தக் கேமராதானே கெட்டுப்போச்சு? உள்ள இருக்கிற மெமரி கார்டு என்னா ஆச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமாக அது என் பீரோவிலேயே இருந்திருக்கிறது. நான் ஒரு நாள் கூட நினைத்துப் பார்க்கவில்லை! டின்னைத் திறந்தால், கேமராவின் பேட்டரி மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. என் கணவர் மெல்ல நெம்பித் திறந்து கார்டை எடுத்தார். அதில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. உளுந்தூர்பேட்டையில் தெரிந்த ஸ்டூடியோக்காரரிடம் கொண்டு போனோம். அவர் கார்டைப் பக்குவமாகச் சுத்தம் செய்து காய வைத்து, கம்ப்யூட்டரில் போட்டார். மொத்தம் 61 படங்கள். கடைசிக்கு முந்தின படத்தில், முகமெல்லாம் சாரல் முத்துக்களோடு என் அம்மா கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டு இருந்தார். கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். இப்போது எங்கள் இரண்டு வீட்டுச் சுவரிலும் அந்தப் படம்தான்.

அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தோழிகள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டு என்பது பிளாஸ்டிக்கில் மூடிய ஒரு சில்லு. அதற்குள் ஓடுகிற, சுழலுகிற பாகம் எதுவும் இல்லை. அதனால் கேமரா தண்ணீரில் செத்தாலும் கார்டு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கேமரா நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்கக் கூடாது. முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடுத்து கார்டை எடுத்து, துடைத்து, நிழலில் இரண்டு நாள் நன்றாகக் காய விட்ட பிறகுதான் வேறு எதிலும் சொருக வேண்டும். ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் உள்ளே இருக்கிற பாகம் கருகுகிறது, துருப்பிடிக்கிறது.

அந்த வருஷமே முடிவு செய்துவிட்டேன். இனி இரவல் வேண்டாம். மழைக்கும் சாரலுக்கும் அசராத சின்னக் கேமரா ஒன்று நமக்கென்று வாங்க வேண்டும்!

"போன் இருக்கிறப்ப கேமரா எதுக்கு?" என்றார் என் கணவர். நியாயமான கேள்விதான். ஊர் உலகமும் அதைத்தான் கேட்கிறது. ஜப்பான் கேமரா கம்பெனிகள் 2010-ல் உலகம் முழுவதும் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்களை அனுப்பினவாம். 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. எல்லாம் செல்போன் செய்த வேலை.

ஆனாலும் நான் மூன்று காரணம் சொன்னேன். ஒன்று, ஸ்கிரீன் நனைந்துவிட்டால் போனில் விரல் ஒரு இடம் தொட்டால் வேறு ஒன்று திறக்கும். பொத்தான் வைத்த கேமரா அப்படிப் படுத்தாது. இரண்டு, இப்போது நம் பணமும் போனில்தான், ஆத்திர அவசரத்துக்குப் பேசுவதும் போனில்தான். மலையில் பெட்ரோல் தீர்ந்தாலும், வண்டி பஞ்சர் ஆனாலும் அது ஒன்றுதான் துணை. அதைக் கொண்டுபோய் அருவிச் சாரலில் நீட்டலாமா? மூன்று, தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்கிற பல கம்பெனிகளே, தண்ணீரால் கெட்டால் வாரண்டி கிடையாது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என் கணவர் போன் பெட்டியில் இருந்த சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, "சரிதாம்மா, நீ சொல்றது" என்றார்!

அப்புறம் ஆறு மாதம், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் என் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேமரா பாடம் நடத்தினான். நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தண்ணீர் புகாத கேமரா ஒன்றும் நேற்று வந்தது இல்லை. பிரெஞ்சுக் கடல் ஆராய்ச்சியாளர் கூஸ்தோவின் ஆட்களுக்காக 'காலிப்ஸோ' என்ற கேமராவைச் செய்தார்கள். அதையே ஜப்பானின் நிக்கான் கம்பெனி 1963-ல் 'நிக்கோனாஸ்' என்ற பெயரில் கொண்டு வந்தது. அது கடலுக்கு அடியில் நீந்துகிறவர்களுக்கு. 1980-களில் கோனிகா கம்பெனி, கட்டட வேலை நடக்கிற இடத்தில் தூசியிலும் மழையிலும் புழங்குகிறவர்களுக்கென்று ஒரு கேமரா செய்தது. அதற்கு ஜப்பான் மொழியில் 'சைட் மேஸ்திரி' என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. மோட்டார் சைக்கிளில் போகிற நமக்கு வேண்டியதும் கடல் கேமரா இல்லை, மேஸ்திரி கேமராதான்!

டிஜிட்டல் காலத்தில் ஒலிம்பஸ் கம்பெனி 2006-ல் கொண்டு வந்த 'மியூ 720 எஸ்.டபிள்யூ' 3 மீட்டர் தண்ணீரையும், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதையும் தாங்கும் என்றார்கள். அதற்குப் பிறகு போட்டி வந்துவிட்டது. கேனான் 'டி 30' (2014) 25 மீட்டர், நிக்கான் 'டபிள்யூ 300' (2017) 30 மீட்டர், ஃபியூஜி 'எக்ஸ்.பி. 140' (2019) 25 மீட்டர், ரிக்கோ 'டபிள்யூ.ஜி. 80' (2022) 14 மீட்டர். ஒலிம்பஸின் கேமரா வியாபாரம் 2021-ல் 'ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்' என்ற தனிக் கம்பெனிக்குப் போன பின், அவர்கள் 2023-ல் கொண்டு வந்த 'டி.ஜி. 7' 15 மீட்டர். இதைப் படித்ததும் நானும் எல்லோரையும் போல 30 மீட்டர்தான் உசத்தி என்று நினைத்தேன்.

என் பையன்தான் கேட்டான், "எம்மா, நாம என்னா முத்துக் குளிக்கவா போறோம்?" என்று. உண்மைதானே! 15 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 50 அடி. எங்கள் ஊர்க் கிணறே அவ்வளவு ஆழம் இருக்காது. நமக்கு வருவது மழை, சாரல், சேறு, தூசி, கை நழுவல். ஆழத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இருபது படி சோறு வடிக்கிற தவலை வாங்குகிற மாதிரி.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? இங்கேதான் நம் சமையலறை அறிவு கை கொடுக்கிறது. இந்தக் கேமராவுக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பது எது தெரியுமா? பேட்டரி மூடியைச் சுற்றி ஓடுகிற மெல்லிய ரப்பர் வளையம். அதாவது, நம் குக்கர் மூடியில் இருக்கிறதே, கேஸ்கட், அதே சங்கதிதான்! கேஸ்கட்டில் ஒரு பருக்கை சோறு ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? ஆவி புஸ்ஸென்று கசியும், விசில் வராது. கேமராவிலும் அப்படியே. ஒரு தலைமுடி, ஒரு மணல், பையில் இருந்து ஒட்டிய ஒரு நூல் போதும். 30 மீட்டர் கேமராவும் ஒரு வாளித் தண்ணீரில் செத்துப்போகும். கேஸ்கட்டை நாம் மாற்றுகிற மாதிரி, இந்த ரப்பரையும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிக் கம்பெனிகளே எழுதியிருக்கின்றன. கடையில் ஆண்கள் எல்லாம் மெகாபிக்சல் எத்தனை, ஜூம் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் மூடியைத் திறந்து ரப்பரைத் தடவிப் பார்த்தேன். கடைக்காரர், "மேடம் விஷயம் தெரிஞ்சவங்க போல" என்றார். குக்கர் வைத்துச் சமைக்கிறவளுக்கு இது தெரியாதா?

நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்:

1. மூடிக்கு இரட்டைப் பூட்டு இருக்க வேண்டும். ஒரே ஒரு தாழ்ப்பாள் என்றால், பையில் உரசித் தானாகத் திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு.

2. லென்ஸ் வெளியே நீளக் கூடாது. இந்த வகைக் கேமராக்களில் ஜூம் உள்ளுக்குள்ளேயே நகரும். மூக்கு நீளுகிற கேமராவில் அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீரும் தூசியும் போகும். நான் இரவல் வாங்கியது அப்படித்தான் போனது.

3. ஆழத்தை விட, எத்தனை அடி உயரத்தில் இருந்து விழுந்தால் தாங்கும் என்பது நமக்கு முக்கியம். 'டி.ஜி. 7' 2.1 மீட்டர், 'டபிள்யூ.ஜி. 80' 1.6 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்தபடி கழுத்து உயரத்தில் இருந்து நழுவினால் இது போதும்.

4. லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் வாங்கும் என்று பார்க்க வேண்டும். 'எஃப்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் வாங்கும் என்று அர்த்தம். 'டி.ஜி. 7'-ல் எஃப் 2, 'டபிள்யூ 300'-ல் எஃப் 2.8, 'டபிள்யூ.ஜி. 80'-ல் எஃப் 3.5. மழை மூட்டத்திலும் மரத்தடி இருட்டிலும் இந்த எண்தான் பேசும். இது சின்னதாக இருந்தால் படம் கலங்காமல் வரும்.

5. பொத்தான்கள் பெரிதாக, ஈர விரலிலும் அமுக்குகிற மாதிரி இருக்க வேண்டும். வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிப் பார்த்தேன்.

இன்னொரு சங்கதி. பெட்டியில் 'ஐ.பி. 68' என்பது போல எழுதியிருப்பார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசிக்கு 6-தான் உச்சம். தண்ணீரில் 4 என்றால் தெறிக்கிற நீர் மட்டும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதற்கும் மேல். ஆனால் 7, 8 இரண்டும் அசையாமல் நிற்கிற தண்ணீரில் வைத்துச் சோதித்தது. மேலே இருந்து அடிக்கிற அருவி நீர் வேறு. அதனால் எந்தக் கேமராவையும் அருவிக்கு நேர் கீழே நீட்டாமல், ஓரமாய் நின்று எடுப்பதே நல்லது. நமக்கும் அதுதான் நல்லது. மலையில் மேலே எங்கோ மழை பெய்தால், இங்கே திடீரென்று வெள்ளம் வரும். ஒரு போட்டோவுக்காக வழுக்குப் பாறையில் ஏற வேண்டாம் தோழிகளே!

மோட்டார் சைக்கிள்காரர்கள் செய்கிற இன்னொரு தப்பு, போனையோ கேமராவையோ ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போவது. என் அண்ணனும் அப்படித்தான் செய்யச் சொன்னார். ஆனால் 2021 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு ஹேண்டில் வழியாகப் போனுக்குள் போனால், படம் ஆடாமல் பிடிக்க உதவுகிற நுணுக்கமான பாகம் நாளடைவில் கெட்டுவிடலாம் என்று. சின்ன வண்டி, ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த பிடி போடச் சொல்லியிருந்தார்கள். பல கேமராக்களிலும் இதே மாதிரி ஆட்டத்தை அடக்கும் பாகம் உண்டு. வண்டியில் இறுக்கி மாட்டினால் குலுக்கல் எல்லாம் அதற்கே போகும். நம் கழுத்தில் தொங்கினால், உடம்பே ஸ்பிரிங் மாதிரி குலுக்கலை வாங்கிக்கொள்ளும்.

சரி, நான் எதை வாங்கினேன்? 'டி.ஜி. 7' வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 550 டாலர். அன்றைய மதிப்பில் 45 ஆயிரம் ரூபாய். பெண்ணின் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய வீட்டில் அது நடக்கிற காரியமா? என் கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் 15 ஆயிரம். அதனால் ஒருவர் கொஞ்ச நாள் வைத்திருந்த பழைய கேமராவைத் தேடினேன். நேரில் பார்த்து, லென்ஸுக்குள் பனி படிந்த மாதிரி இருக்கிறதா, பேட்டரி இடத்தில் பச்சையோ துருவோ இருக்கிறதா, மூடி ஆடுகிறதா என்று எல்லாம் சோதித்து, 12 ஆயிரத்துக்கு வாங்கினேன். பெயரைச் சொன்னால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், வேண்டாம். ஸ்டூடியோக்காரர் அறிவுரைப்படி, "இது மழைக்கும் சாரலுக்கும்தான், முழுக்குப் போட அல்ல" என்று முதல் நாளே வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். பழைய ரப்பரை நம்பித் தண்ணீருக்குள் விடக் கூடாது இல்லையா?

மீதி 3 ஆயிரத்தில் ஒரு உபரி பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதக்கும் கைப்பட்டை வாங்கினேன். இந்தக் கேமராக்கள் தண்ணீர் புகாதவையே தவிர மிதப்பவை அல்ல. மடுவில் விழுந்தால் கல் மாதிரி போய்விடும். அந்தப் பட்டைதான் அதற்கு உயிர்க்கயிறு. பணம் இன்னும் கம்மியாக இருக்கிறவர்கள், கையில் இருக்கிற சாதாரணக் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு எடுத்துப் போங்கள். அன்றைக்கு எனக்கு இது தோன்றியிருந்தால், அந்தக் கேமராவே பிழைத்திருக்கும்.

மலைக்குக் கிளம்புகிற முதல் நாள் ராத்திரி, பாத்திரம் கழுவி முடித்துக் கை காய்ந்த பிறகு, என் கேமராவுக்கு ஒரு பூஜை நடக்கும்! பழைய மெல்லிய பருத்தித் துணியால் ரப்பரைச் சுற்றித் துடைப்பேன். விளக்கு வெளிச்சத்தில் முடி, தூசி பார்ப்பேன். பேட்டரியும் கார்டும் போட்டு மூடி, இரண்டு பூட்டையும் தள்ளுவேன். அதற்கப்புறம் வீடு திரும்பும் வரை மூடியைத் திறப்பதே இல்லை. மலை மேல் ஈரக் காற்றில் திறந்து மூடினால், அந்த ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெயிலில் சூடான கேமராவைச் சில்லென்ற தண்ணீரில் காட்டியதும், குளிர்ந்த சொம்பில் வேர்க்கிற மாதிரி லென்ஸுக்குள் வேர்த்துவிடும். அதனால் வெயிலில் பெட்ரோல் டேங்க் மேல் வைப்பதும் இல்லை. புதுச் செருப்பு, பை வாங்கினால் உள்ளே வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைச் சேர்த்து வைத்துக் கேமரா டப்பாவில் போட்டிருக்கிறேன். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேறு பட்டால் மூடியைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே திறப்பேன். கடற்கரைக்குக் கொண்டு போகிறவர்கள் உப்புப் போக நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்துக் காய விட வேண்டும்.

பின்னால் உட்கார்ந்து போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி ஓடும்போது போட்டோ எடுக்காதீர்கள். மலைப்பாதை வளைவில் ஒரு கை கேமராவிலும் ஒரு கண் திரையிலும் இருந்தால் விழுந்துவிடுவோம். நிறுத்திவிட்டு எடுங்கள். புடவை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் மாட்டி நேர்ந்த விபத்துகள் எத்தனையோ. நான் மலைக்குச் சுடிதார்தான், துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிடுவேன். கேமரா நாடாவையும் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வேன். ஹெல்மெட் இரண்டு பேருக்கும்.

இந்தக் கேமராவோடு இதுவரை மூன்று தடவை மலைக்குப் போய் வந்தாயிற்று. ஒரு தடவை கரியாலூரில் கொட்டுகிற மழை. என் கணவர் பழக்க தோஷத்தில், "கேமராவ உள்ள வை, கேமராவ உள்ள வை" என்று கத்தினார். நான் மழையிலேயே நின்று அவரையும் பிள்ளைகளையும் படம் எடுத்தேன். அப்புறம் என் பெண் கேமராவைப் பிடுங்கி, "நீ போய் நில்லும்மா" என்றாள். நான் கூச்சப்பட்டு, "என்னாத்துக்குடி என்னை..." என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. அது என் அம்மா சொன்ன வார்த்தை அல்லவா? பேசாமல் போய் நின்றேன். சிரித்தேன்.

தோழிகளே, கேமரா வாங்க முடிகிறதோ இல்லையோ, இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். போய் வந்த அன்றைக்கே படங்களை வேறு இடத்தில் பதிந்து வையுங்கள். பொருள் போனால் திரும்ப வாங்கலாம், அந்த நாளை வாங்க முடியாது. இரண்டாவது, வீட்டில் இருக்கிற பெரியவர்களை அவர்கள் சிரிக்கும்போது ஒரு படம் எடுத்து வையுங்கள், நீங்களும் போய் ஒரு படத்தில் நில்லுங்கள். ஆதார் கார்டில் இருந்து அம்மாவைத் தேடுகிற நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

உங்கள் வீட்டிலும் ஏதாவது பிஸ்கட் டின்னில் செத்துப்போன கேமரா கிடந்தால், இன்றைக்கே திறந்து கார்டைப் பாருங்கள். யார் கண்டது, உள்ளே யாராவது சிரித்துக்கொண்டு இருக்கலாம்!

- ஒரு வாசகி, திருநாவலூர்.